ஓராண்டு ஒப்பந்தத்தில் உருவாகும் அல்காரிதம்

பல்கலைக்கழக இணையதளங்களிலும் துறை அறிவிப்புப் பலகைகளிலும் மாதம் தவறாமல் வெளிவரும் ஓர் அறிவிப்பு உண்டு. மத்திய அரசு நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டம் ஒன்றுக்கு ஆள் தேவை. விழித்திரைப் படத்தில் நோயின் அறிகுறியைக் கண்டுபிடிக்கும் அல்காரிதம் உருவாக்க வேண்டும்; அல்லது மூளை எம்ஆர்ஐ படத்தில் கட்டியின் எல்லையை வரைய வேண்டும்; அல்லது பாலத்தின் அதிர்வுத் தரவைப் பார்த்து எங்கே பழுது என்று சொல்ல வேண்டும். எம்.இ., எம்.டெக். படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். பைத்தான், படச் செயலாக்கம், ஆழ்கற்றல் தெரிந்திருக்க வேண்டும். ‘கேட்’ தேர்ச்சி இருந்தால் முன்னுரிமை.

அறிவிப்பின் கடைசிப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். பணி முற்றிலும் தற்காலிகமானது. முதலில் ஓராண்டுக்கு, செயல்பாட்டைப் பொறுத்து நீட்டிக்கப்படலாம். திட்டம் முடியும் நாளில் பணியும் முடியும். நிரந்தரப் பணி கோர எந்த உரிமையும் கிடையாது. நேர்முகத் தேர்வுக்கு வருவோருக்குப் பயணப்படி வழங்கப்பட மாட்டாது.

செயற்கை நுண்ணறிவு மருத்துவத்தை மாற்றப்போகிறது என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆனால், அந்த மாற்றத்துக்கான முதல் வரி நிரலை எழுதும் இளைஞரை இந்தக் கடைசிப் பத்தியின் கீழ்தான் பணியில் அமர்த்துகிறோம். இதை அந்த இளைஞர்களின் சம்பளப் பிரச்சினையாக மட்டும் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. நாளை ஸ்கேன் அறையில் படுக்கப்போகும் நோயாளியின் பிரச்சினையும் இதுதான் என்பது என் வாதம்.

கருவின் வயதைக் கணக்கிடுவது எப்படி?

அருகில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்ததும் அறிக்கையில் கருவின் வயது இத்தனை வாரம், இத்தனை நாள் என்று வருகிறது. கருவின் தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் போன்றவற்றை அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டு எடுக்கும் எண் அது. உலகெங்கும் பெரிதும் புழங்குவது ஹாட்லாக் சூத்திரம். 1980-களில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், அங்குள்ள கர்ப்பிணிகளின் அளவுகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது.

நம் பெண்களின் வயிற்றில் வளரும் கரு, கடைசி மாதங்களில் அதே வேகத்தில் வளர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வயது ஒரு வாரம் பிசகினாலும் அது சிறிய பிசகு அல்ல. 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைப்பிரசவம். அந்தக் கோட்டுக்கு இப்பால், அப்பால் என்பதைப் பொறுத்துத்தான் மருத்துவர் பல முடிவுகளை எடுக்கிறார். பேறுகாலத் தேதியைக் குறிப்பதும், குழந்தையின் வளர்ச்சி போதவில்லை என்று கவலைப்படுவதும், பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதும் இந்த எண்ணை வைத்துத்தான்.

சென்னை ஐஐடி ஆய்வாளர்களும் ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய அரசின் மருத்துவ அறிவியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ‘கர்பிணி-ஜிஏ2’ என்ற கணிப்பு முறையை உருவாக்கி 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். கருவுற்ற இரண்டாம், மூன்றாம் மும்மாதங்களில் கருவின் வயதைக் கணிக்க, இந்தியக் கர்ப்பிணிகளின் தரவைக் கொண்டே உருவான முறை இது. குருகிராம் அரசு மருத்துவமனை, டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி மருத்துவ அறிவியல் நிறுவனம் ஆகியவை இந்தப் பணியில் பங்காளிகள். பழைய சூத்திரம் 7 நாள் வரை பிசகும் இடத்தில் இது அரை நாள்தான் பிசகுகிறது என்று அவர்கள் தெரிவித்தார்கள். ஒட்டுமொத்தப் பிழை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைந்தது.

ஒரு வாரப் பிழையை அரை நாளாகக் குறைப்பதற்கு எத்தனை பேருடைய உழைப்பு தேவை என்று யோசித்துப் பாருங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே பெண்களைப் பதிவுசெய்து, மகப்பேறு வரை தொடர வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனையும் ஒரே முறையில் எடுக்க வேண்டும். இடையில் வராமல் போனவர்களைத் தேட வேண்டும். பிறகு ஆயிரக்கணக்கான அளவுகளைச் சலித்து, தப்பாகப் பதிவான எண்களைக் களைந்து, எந்த அளவு எந்த வாரத்தில் எவ்வளவு நம்பகமானது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பின்தான் அல்காரிதம் என்று நாம் அழைக்கும் பகுதியே தொடங்குகிறது. இப்படிப்பட்ட வேலையை நாடு முழுவதும் தோளில் சுமப்பவர்களில் பெரும்பாலோர் ஆய்வு மாணவர்களும் திட்டப் பணியாளர்களும்தான்.

அந்த மேசையில் நடப்பது

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வேலை கணினி முன் உட்கார்ந்து நிரல் எழுதுவதாகத் தெரியும். நாளின் பெரும்பகுதி அதில் கழிவதில்லை. மருத்துவமனையிலிருந்து வன்தட்டில் ஸ்கேன் கோப்புகள் வரும். முதல் வேலை, ஒவ்வொரு கோப்பிலும் ஒட்டியிருக்கும் நோயாளியின் பெயர், வயது, பதிவெண்ணை நீக்குவது. சில சமயம் பெயர் கோப்பின் தகவலில் இல்லாமல் படத்தின் மூலையிலேயே எழுத்தாகப் பதிந்திருக்கும்; அதைத் தனியாக அழிக்க வேண்டும். ஒரே நோயாளியின் இரண்டு ஸ்கேன்கள் இரண்டு வேறு எண்களில் இருக்கும். ஒன்று பயிற்சித் தரவிலும் மற்றொன்று சோதனைத் தரவிலும் போய்விட்டால், அல்காரிதம் பாடத்தைப் படிக்காமல் விடையை மனப்பாடம் செய்துவிடும். சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கும். அடுத்த மருத்துவமனையில் தோற்கும்.

பிறகு மருத்துவரைப் பிடிக்க வேண்டும். புற நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்குமேல் அரை மணி நேரம் தருகிறேன் என்பார். அந்த அரை மணியில் இருபது படங்களில் கட்டியின் எல்லையை அவர் சுட்டியால் வரைந்து கொடுக்க வேண்டும். அதே இருபது படங்களை இன்னொரு மருத்துவரிடம் கொடுத்தால் எல்லை வேறு மாதிரி வரும். யார் வரைந்தது சரி? இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைப்பதும் அந்தத் திட்டப் பணியாளரின் வேலைதான். ஒரு மருத்துவர், “இந்த இடத்துல வெள்ளையா தெரியறது கட்டி இல்லப்பா, போன மாசம் ஆபரேஷன் பண்ண தழும்பு” என்று சொல்லும் ஒரு வாக்கியம், மூன்று மாதக் கணக்கீட்டைக் காப்பாற்றும். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அந்த வாக்கியம் அச்சாவதில்லை. அதைக் கேட்டவரின் நினைவிலும் குறிப்பேட்டிலும் மட்டும் இருக்கும். ஒப்பந்தம் முடிந்து அவர் போகும்போது அதுவும் போய்விடுகிறது.

இந்த அறிவு இல்லாமல் அல்காரிதம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு கரோனா காலம் ஒரு பெரிய பாடத்தை விட்டுச்சென்றது. மார்பு எக்ஸ்ரேயையும் சிடி ஸ்கேனையும் பார்த்து கரோனாவைக் கண்டுபிடிக்கிறோம் என்று 2020-ல் உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2,212 ஆய்வுகளைத் திரட்டி, தரம் பார்த்து வடிகட்டி, 62-ஐ மட்டும் ஆழமாகப் பரிசீலித்தது. 2021 மார்ச்சில் வெளியான முடிவு: மருத்துவமனையில் பயன்படுத்தத் தக்கது ஒன்றுகூட இல்லை.

காரணங்களில் ஒன்றைக் கேட்டால் மனம் பதைக்கும். கரோனா இல்லாதவர்களின் படங்கள் என்று பலர் எடுத்துக்கொண்ட ஒரு பொதுத் தொகுப்பில் இருந்தவை, ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் மார்பு எக்ஸ்ரேக்கள். கரோனா நோயாளிகளோ பெரியவர்கள். அல்காரிதம் கற்றுக்கொண்டது நோய்க்கும் நலத்துக்கும் உள்ள வேறுபாட்டை அல்ல. பெரியவருக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டை. எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் தொழில்நுட்பர் ஒருவரிடம் படத்தைக் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். காட்டுவதற்கு அவர்கள் பக்கத்தில் யாரும் இல்லை. இணையத்திலிருந்து தரவை இறக்கினார்கள், கட்டுரையை அனுப்பினார்கள்.

அந்த ஆய்வாளர்களைக் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. அவர்களில் பலரும் அடுத்த நீட்டிப்புக்காகவோ, முனைவர் பட்டத்துக்காகவோ, உரிய தேதிக்குள் கட்டுரை காட்ட வேண்டிய நிலையில் இருந்திருப்பார்கள். ஓராண்டுப் பணியில் இருப்பவரால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பித்து, அனுமதிக்குக் காத்திருந்து, தரவு வாங்கி, மருத்துவரோடு உட்கார்ந்து, இன்னொரு ஊரில் சரிபார்த்து முடிக்க முடியாது. அனுமதிக்கே அந்த ஆண்டின் பாதி போய்விடும். இணையத்திலிருந்து இறக்குவதுதான் அவருக்கு எஞ்சும் வழி. பணி நியமனத்தின் கால அளவே ஆய்வின் தரத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

வாரத்தில் ஒன்றரை நாள்

சிடி ஸ்கேன் பிறந்த கதையை நம் பொறியியல் கல்லூரிகளில் முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தவர் ஆலன் கோர்மாக். 1955-ல் அந்த ஊரின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கதிரியக்கப் பொருள்களை மேற்பார்வையிட்டுவந்த இயற்பியலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். தகுதியுள்ள ஓர் இயற்பியலாளர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வாரத்தில் ஒன்றரை நாள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோர்மாக்கை அழைத்தார்கள்.

அங்கே அவர் கண்டது, புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு கொடுக்கக் கணக்குப் போடும் முறை. உடம்பு முழுவதும் ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டார்கள். எலும்பும் நுரையீரலும் தசையும் கதிரை ஒரே மாதிரி உறிஞ்சாது என்பது இயற்பியல் படித்தவருக்கு உடனே உறுத்தியது. உடலைத் திறக்காமலே உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று வெளியிலிருந்து அளந்து கணக்கிட முடியுமா? இந்தக் கேள்விக்கான கணித விடையை 1963-லும் 1964-லும் இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார். அநேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இங்கிலாந்தின் இஎம்ஐ நிறுவனத்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு தனியாக முயன்று கட்டிய இயந்திரத்தில், 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1979-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. இருவருமே மருத்துவம் படித்தவர்கள் அல்லர்.

அந்த ஒன்றரை நாள் வேலை இல்லையென்றால் கோர்மாக்குக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது. இதற்குத் தேவையான கணிதத்தின் அடிப்படையை ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடான் 1917-லேயே போட்டுவைத்திருந்தார். கோர்மாக்குக்கு அது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. ஆக, கணிதம் நூலகத்தில் இருந்தது. தேவை மருத்துவமனையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே நடமாட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்கு ஒரு பணியிடம் வேண்டியிருந்தது. நம் மருத்துவமனைகளில் அந்தப் பணியிடம் எங்கே இருக்கிறது?

சில இடங்களில் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து மருத்துவப் பொறியியலில் எம்.டெக். படிப்பை நடத்துகின்றன. மாணவர்கள் மருத்துவமனைக்குள் சென்று கற்கிறார்கள். இந்த நல்ல ஏற்பாட்டில் படித்து வெளிவருபவருக்கு அரசு மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ காத்திருக்க வேண்டிய நிலையான பணிதான் இல்லை. பயிற்சி தருகிறோம், நாற்காலி போடவில்லை.

ஸ்ரீ சித்திரை நிறுவனமே இதற்கு இன்னொரு சான்று. இந்தியாவின் முதல் செயற்கை இதய வால்வு அங்கே உருவானபோது முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. டாக்டர் எம்.எஸ்.வலியத்தானும் அவருடைய பொறியாளர்களும் விடாமல் தொடர்ந்து, நான்காவது மாதிரியை 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பத்தாண்டுகளுக்கும் மேல் பிடித்த வேலை அது. மூன்று முறை தோற்றும் அந்தப் பொறியாளர்களுக்கு வேலை போகவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். இன்றைய திட்டப் பணியாளருக்கு முதல் தோல்வியோடு நீட்டிப்பு நின்றுவிடும்.

எழுதி முடித்ததும் முடிந்துவிடாது

அல்காரிதத்தை ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை தீர்ந்தது என்ற எண்ணம் நிதி வழங்கும் துறைகளிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. திட்டக் காலம் மூன்று ஆண்டு, கருவி வாங்கியதற்கு ரசீது, கட்டுரை வெளியிட்டதற்கு நகல், பயன்பாட்டுச் சான்றிதழ், கோப்பு மூடப்படும். நோயாளியின் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது.

நீரிழிவால் வரும் விழித்திரை பாதிப்பைக் கண்டுபிடிக்க கூகுள் உருவாக்கிய முறை நினைவிருக்கலாம். 2016-ல் வெளியான அந்த ஆய்வில் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு பயிற்சி அளித்தார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அதில் உண்டு. சோதனையில் சிறப்பாகவே செயல்பட்டது. பிறகு தாய்லாந்தின் 11 மருத்துவ மையங்களில் செவிலியர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான படங்களைத் தரம் போதாது என்று அது ஏற்க மறுத்தது. அறையில் வெளிச்சத்தைச் சரியாகக் குறைக்க முடியவில்லை. இணையம் மெதுவாக இருந்தது. காலையிலிருந்து காத்திருந்த நோயாளியை, இன்னொரு நாள் வேறு மருத்துவமனைக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நிறுவனம் இதை மறைக்காமல் 2020-ல் ஆய்வாகவே வெளியிட்டது பாராட்டத் தக்கது. குறையைக் கண்டறிய ஆள் அனுப்பவும், திருத்தும்வரை சம்பளம் கொடுத்து வைத்திருக்கவும் அதனிடம் பணம் இருந்தது.

நம் பல்கலைக்கழகத்தில் அதே நிலை வந்தால்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேமரா மாறுகிறது. புதிய கேமராவின் படத்தில் நிறம் கொஞ்சம் வேறு. அல்காரிதம் தடுமாறுகிறது. மருத்துவர் துறைக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். எழுதியவர் பெங்களூருவில் ஒரு வங்கி மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். அவர் விட்டுச்சென்ற நிரல் ஒரு பழைய கணினியில் இருக்கிறது. எந்தக் கோப்பு கடைசிப் பதிப்பு என்று பேராசிரியருக்குத் தெரியாது. மென்பொருளும் மருத்துவக் கருவியே என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவுக்கான நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023-ல் வெளியிட்டிருக்கிறது. பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்று விதிகள் கேட்கின்றன. பொறுப்பேற்க வேண்டியவரின் ஒப்பந்தமோ என்றைக்கோ முடிந்துவிட்டது.

பொறியியலிலும் கதை இதுதான். பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியில் சென்னை ஐஐடி வல்லுநர்களின் துணையோடு உணரிகள் பொருத்தப்பட்டிருந்தன. 2022 டிசம்பரில் அவை தந்த எச்சரிக்கையை அடுத்து ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 1914 முதல் உப்புக்காற்றில் நின்ற இரும்புப் பாலத்தில், ரயிலின் எடையால் வரும் அதிர்வு எது, காற்றால் வருவது எது, பழுதால் வருவது எது என்று பிரித்துச் சொல்வது எளிய கணக்கு அல்ல. ஆண்டுக்கணக்கில் ஒரே பாலத்தின் தரவைப் பார்த்துப் பழகியவருக்குத்தான் அது பிடிபடும். குழாயின் உட்புற அரிப்பைக் கேளா ஒலியால் கண்டுபிடிக்கும் கணிதமும் வயிற்றில் ஸ்கேன் எடுக்கும் கணிதமும் நெருங்கிய உறவு. ஒன்றைத் தெரிந்தவர் மற்றொன்றுக்கு உதவுவார். அவரை நிலையாக வைத்திருக்கும் இடத்தில்தான் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும்.

பணம் இருக்கிறது, பணியிடம் இல்லை

நிதி இல்லை என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான், இது வெட்கப்பட வேண்டிய அளவு. ஆனாலும், இந்தியா ஏஐ இயக்கத்துக்கு 2024 மார்ச்சில் சுமார் 10,372 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டும் என்றார்கள். அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டும் என்பது தனிக் கவலை. கணினிச் செயலிகள் வாங்கப் பணம் வருகிறது. அந்தச் செயலிகளில் ஓடப்போவதை எழுதும் மனிதருக்கு என்ன கிடைக்கிறது?

இளநிலை ஆய்வு உதவித்தொகை 2019 ஜனவரியில் 31,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதன் பிறகு நான்கு ஆண்டுகள் விலைவாசி ஏறியது, தொகை ஏறவில்லை. ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு 2023 ஜனவரியிலிருந்து 37,000 ஆனது. ‘நெட்’, ‘கேட்’ தகுதி இல்லாமல் திட்டத்தில் சேர்பவருக்கு 2020-ல் அறிவியல் தொழில்நுட்பத் துறை நிர்ணயித்தது, வீட்டு வாடகைப்படி நீங்கலாக, மாதம் 25,000. அதே பைத்தான், அதே ஆழ்கற்றல் தெரிந்தவருக்குத் தனியார் நிறுவனம் இதைப்போல் இரு மடங்கு, மும்மடங்கு தரும். தொகை குறைவு என்பதைக்கூட இந்த இளைஞர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆர்வம் அவர்களை இழுத்துப்பிடிக்கிறது. தாங்க முடியாதது தாமதம். டெல்லியிலிருந்து நிதி விடுவிக்கப்படவில்லை என்று மாதக்கணக்கில் உதவித்தொகை நின்றுபோவது நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் திரும்பத் திரும்ப எழுப்பும் புகார். விடுதிக் கட்டணத்துக்கும் ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் அந்த 37,000-ஐ நம்பியிருப்பவர், நான்கு மாதம் பணம் வராதபோது நோயாளியின் ஸ்கேனில் எப்படிக் கவனம் செலுத்துவார்?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியது அல்ல. இன்று மருத்துவப் படங்களைப் பகுத்துப் பார்க்கும் முறைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு முன்னோடியான ‘யு-நெட்’, 2015-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் மூவர் எழுதியது. வெறும் 30 படங்களைக் கொண்டு பயிற்சி அளித்துக்கூட நன்றாகச் செயல்பட முடியும் என்று காட்டி உலகத்தை வியக்க வைத்தது. அதே ஜெர்மனியில் ஆய்வாளர்களைத் தற்காலிகப் பணியிலேயே வைத்திருக்க அனுமதிக்கும் 2007-ம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிராக 2021-ல் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. பிரிட்டன் வேறு வழி கண்டது. ஆராய்ச்சிக்கான மென்பொருளை எழுதுபவர்களுக்கென்று ஒரு தனிப் பதவி வேண்டும் என்ற கோரிக்கை 2012-ல் அங்கே எழுந்தது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி அதே ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. பின்னர் பல பல்கலைக்கழகங்கள் பின்தொடர்ந்தன. அவர்கள் பேராசிரியர்களும் அல்லர், மாணவர்களும் அல்லர். எத்தனை கட்டுரை என்று அவர்களைக் கேட்பதில்லை; நிரல் சரியாக ஓடுகிறதா, அடுத்தவர் எடுத்துப் பயன்படுத்த முடிகிறதா என்று கேட்கிறார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு வாதத்தில் நியாயம் உண்டு. எல்லாரையும் நிரந்தரமாக்கினால் புதியவர்களுக்கு இடம் இருக்காது. துறை வேகமாக மாறுகிறது, இன்று தெரிந்தது ஐந்தாண்டில் பழசாகும் என்கிறார்கள். திட்டப் பணி முழுவதையும் நிரந்தரமாக்கச் சொல்லவில்லை. படித்து முடித்தவர் ஓரிரு ஆண்டு முயன்று பார்த்து, பிடிக்காவிட்டால் வெளியேற அந்த வாசல் திறந்திருக்கட்டும். ஆனால், பத்துப் பேர் வந்துபோகும் ஆய்வகத்தில் இரண்டு பேராவது நிலையாக இருக்க வேண்டும். தரவு எங்கே இருக்கிறது, ஏன் அந்த 200 படங்கள் ஒதுக்கப்பட்டன, எந்த மருத்துவமனையில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று கேட்டால் பதில் சொல்ல அந்த இரண்டு பேர் வேண்டும். இன்றைக்கு அந்த நினைவு முழுவதும் பேராசிரியர் ஒருவரின் தலையில் இருக்கிறது. அவர் வகுப்பும் எடுத்து, தேர்வுத் தாளும் திருத்தி, அடுத்த நிதிக்கு விண்ணப்பமும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

தமிழ்நாட்டிலிருந்து தொடங்கலாம்

இதை ஐஐடிகளோடு நிறுத்திவிடக் கூடாது. கருவின் வயது விஷயத்தில் ஹூஸ்டனின் கணக்கு குருகிராமுக்குப் பொருந்தவில்லை என்றால், குருகிராமின் கணக்கு தருமபுரிக்கும் ராமநாதபுரத்துக்கும் அப்படியே பொருந்துமா என்று இங்கேயே சோதித்துப் பார்க்க வேண்டும். மாவட்டந்தோறும் அரசு மருத்துவக் கல்லூரி என்ற இலக்கை நெருங்கிவிட்ட மாநிலம் தமிழ்நாடு. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 கல்லூரிகள் திறக்கப்பட்டன. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அரசுப் பொறியியல் கல்லூரிகளும் அண்ணா பல்கலைக்கழக வளாகங்களும் பல ஊர்களில் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கின்றன. திருநெல்வேலியில் இருக்கிறது, மதுரையிலும் கோவையிலும் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களுக்கும் நடுவே போய்வர ஒரு பதவி மட்டும் இல்லை.

மாநில அரசு அந்தப் பதவியை உருவாக்க வேண்டும். முதல் கட்டமாக இந்த மூன்று ஊர்களிலும் அரசு மருத்துவமனைக்கு இரண்டு பேர் போதும். ஐந்தாண்டு நியமனம், உதவிப் பேராசிரியருக்கு இணையான ஊதியம், நல்ல முறையில் செயல்பட்டால் அதே பணியில் நிரந்தரம். அவர்களுடைய மேசை பல்கலைக்கழகத்தில் இருக்கட்டும்; வாரத்தில் இரண்டு நாளாவது மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் இருக்க வேண்டும் என்று நியமன ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். கட்டுரை எண்ணிக்கைக்குப் பதிலாக, இன்னொரு மாவட்ட மருத்துவமனையில் சரிபார்த்துக் காட்டியதை அவர்களின் பணி மதிப்பீட்டுக்கு அளவுகோலாக்க வேண்டும். தோற்றுப்போன முயற்சியைத் தோற்றது என்று எழுதி வெளியிட்டாலும் அது பணியாகக் கணக்கில் வர வேண்டும். பெயர் நீக்கிய தரவைப் பாதுகாக்கும் பொறுப்பும் இவர்களிடமே இருந்தால், ஒவ்வொரு திட்டம் முடியும்போதும் வன்தட்டோடு தரவு காணாமல்போகும் அவலம் நிற்கும்.

மத்திய அரசு செய்ய வேண்டியது இன்னும் எளிது. திட்டத்துக்கு நிதி ஒதுக்கும் அன்றே, பணியாளர்களின் முழு ஆண்டு உதவித்தொகையை நிறுவனத்திடம் முன்கூட்டியே விடுவித்து, வேறு எதற்கும் தொடக் கூடாது என்று ஆணையிடலாம். கருவி வாங்கும் பணம் தாமதமானால் கருவி தாமதமாகும். உதவித்தொகை தாமதமானால் ஆள் போய்விடுவார்.

மூன்று ஊர்களில், ஊருக்கு இரண்டு பேர் என்றால் ஆறு பணியிடங்கள். ஒரு நல்ல எம்ஆர்ஐ இயந்திரம் பல கோடி ரூபாய். அந்த ஒன்றின் விலையில் இந்த ஆறு பேருக்கும் ஐந்தாண்டுச் சம்பளம் கொடுத்துவிடலாம். வரும் நிதிநிலை அறிக்கையில் உயர்கல்வித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து இந்த ஆறு பணியிடங்களையும் அறிவிக்க வேண்டும்.